மூடிக்கு அடியில்

ஒரு சிவப்புக் காரின் மட்கார்டைப் பிடித்திருந்த ரிவெட் ஆணிகள் வெள்ளையாய்த் துருத்திக்கொண்டு தெரிந்தன. கார்க்காரர் கடை கடையாய் ஏறி இறங்கி, அதே சிவப்பில் மூடிகள் வாங்கி மாட்டினார். ஓரத்து ரிவெட்டுக்குப் பெருமை தாங்கவில்லை.

கொஞ்ச நாளில் அது ஆடத் தொடங்கியது. பள்ளத்தில் இறங்கினால் மட்கார்டு கடகடத்தது.

"கழண்டுடுவேன் போலிருக்கு. மெக்கானிக் கண்ணுல படுற மாதிரி கொஞ்சம் விலகேன்" என்றது ரிவெட்.

"நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க? மானத்தை வாங்காம பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு" என்றது மூடி.

மெக்கானிக் வந்து குனிந்து பார்த்தார். எல்லாம் சிவப்பாய், ஒழுங்காய் இருந்தன. உதட்டைப் பிதுக்கினார். இனியும் பொறுத்தால் மட்கார்டு நடுரோட்டில் விழும் என்று ரிவெட்டுக்குத் தெரிந்துபோயிற்று. பலம்கொண்ட மட்டும் ஒரு உதறு உதறியது. மூடி தெறித்துத் தரையில் உருண்டது.

"அட, நீதானா!" என்று மெக்கானிக் சுத்தியலால் நாலு போடு போட்டு இறுக்கினார். ஆட்டம் நின்றது. அப்பாடா என்றிருந்தது ரிவெட்டுக்கு.

அப்போது பக்கத்து மூடிக்கு அடியிலிருந்து ஒரு சன்னக் குரல் வந்தது.

"அண்ணே, ரொம்ப வலிச்சுதா? எனக்கும் ரொம்ப நாளா ஆடுது."