மேலே இருந்த வரைவு

“மேல இருக்கிற டிராஃப்ட்டத் திறந்து, அப்படியே அனுப்பிடும்மா” என்றாள் கணினி மிஸ், கரும்பலகைப் பக்கமிருந்து.

ஆசிரியர் மேசைக் கணினியில் உட்கார்ந்திருந்த மாணவி திறந்தாள். அனுப்பினாள்.

சுவரில் இன்னும் வெறும் நீல வெளிச்சம்தான். அந்தப் புரொஜெக்டர் சூடாகிப் படம் காட்டுவதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம்.

முதலாண்டுப் பிள்ளைகளுக்கான ‘கணினியும் சமூகமும்’ வகுப்பு. கைப்பேசியில் உலகத்தையே புரட்டிப் போடுகிறவர்கள், மின்னஞ்சலில் ஒரு கோப்பை இணைக்கச் சொன்னால் திருதிருவென்று விழிப்பார்கள். இன்றைய பாடம், அனுப்பிய மின்னஞ்சலை முப்பது நொடிக்குள் திரும்பப் பெறுவது. சண்டையில் வாய்விட்டவனுக்கு இந்த வசதி கிடையாது, இயந்திரம் மட்டும்தான் முப்பது நொடி மன்னிக்கும் என்று மிஸ் சற்று முன்புதான் சொல்லிச் சிரிக்க வைத்திருந்தாள்.

இதற்கென்றே தன் மின்னஞ்சலில் ‘சோதனை’ என்று தலைப்பிட்டு ஒரு வரைவை நேற்றே எழுதி வைத்திருந்தாள். அவளுடைய முகவரிக்கே போய்ச் சேரும் ஒற்றை வரி.

புரொஜெக்டர் கண் திறந்தது. வரைவுகள் பட்டியல் சுவரளவுக்கு விரிந்தது. அதில் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று.

சோதனை.



போனது எது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. அந்தப் பட்டியலில் மொத்தமே இரண்டுதான் இருந்தன.

மற்றது கல்லூரி முதல்வருக்கு எழுதிய கடிதம். முகவரி வரை போட்டு நான்கு மாதமாயிற்று. ஞாயிறுதோறும் திறப்பாள், ஒரு சொல்லை மாற்றுவாள், மூடிவிடுவாள். இன்று காலை பேருந்தில் வரும்போதும் திறந்து ஒரு காற்புள்ளியை எடுத்தாள். கடைசியாகக் கைவைத்த வரைவு பட்டியலின் தலைக்கு ஏறிவிடும். போன வாரம் இதே பிள்ளைகளுக்கு அதைப் படித்துப் படித்துச் சொன்னவளும் அவளேதான்.

கடிதம் துறைத்தலைவரைப் பற்றியது. அவளுடையதோ அவர் கையெழுத்தை நம்பி ஆண்டுக்காண்டு நீள்கிற தற்காலிக வேலை. அடுத்த ஆண்டுக்கான தாள் இப்போது அவர் மேசையில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

“எடு... திரும்ப எடும்மா, சீக்கிரம்!”

முன்வரிசை கொல்லென்று சிரித்தது. மிஸ் நன்றாக நடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். பின்னாலிருந்து யாரோ இருபத்தைந்து, இருபத்துநான்கு என்று எண்ண ஆரம்பிக்க, வகுப்பே சேர்ந்துகொண்டது.

அவள் ஓடினாள். தரையில் கிடந்த வயரில் செருப்பு மாட்டிக்கொண்டது. முதல்வர் கைப்பேசியைக் கையைவிட்டு இறக்காதவர். படித்த கையோடு துறைத்தலைவரைக் கூப்பிடுவார். மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

திரையின் மூலையில் ‘திரும்பப் பெறு’ என்ற சிறிய பட்டை இன்னும் இருந்தது. மவுஸைப் பிடித்திருந்தவள் அவசரப்படவே இல்லை.

வகுப்பில் அவளுக்குப் பெயர் சீனியர். போன ஆண்டு இதே பாடத்தில் தவறி, மறுபடியும் முதலாண்டுப் பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்திருப்பவள் என்பதால் அவர்கள் வைத்த பெயர். எல்லாம் ஒருமுறை படித்தவளாயிற்றே, நீயே போ என்று எழுப்பி அனுப்பியதும் அவர்கள்தான். மிஸ் தானாக அவளைக் கூப்பிட்டிருக்க மாட்டாள்.

ஒன்பது. எட்டு. ஏழு.

சீனியர் அழுத்தினாள்.

கைதட்டல் கூரையைப் பிளந்தது. மிஸ் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். போகவில்லை. அப்பாடா, எங்கேயும் போகவில்லை.

கைதட்டல் பாதியில் நின்றது.

திரும்பப் பெற்ற கடிதம் சமர்த்தாகப் பட்டியலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளாது. வேண்டுமானால் திருத்திக்கொள் என்று முழுசாக விரிந்து முன்னால் வந்து நிற்கும். அடுத்த ஐந்து நிமிடத்தில் அவள் சொல்லிக்கொடுக்க இருந்ததே அதைத்தான்.

இப்போது அது சுவரளவுக்கு நின்றது. நாற்பது பேரின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன.

ஆய்வகத்தில் பன்னிரண்டு கணினிகள் பழுதாகிக் கிடப்பதை ஒரு மாணவி படமெடுத்து இணையத்தில் போட்டது, அந்தப் படம் ஊரெல்லாம் சுற்றியது, துறைத்தலைவர் மிஸ்ஸைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தியது எல்லாம் வரிசையாக எழுதியிருந்தது.

அதற்குக் கீழே இருந்தது இது: ‘அந்த மாணவி செய்முறைத் தேர்வில் தேறியிருந்தாள். துறைத்தலைவர் சொன்னார் என்பதற்காக அவள் மதிப்பெண்ணைக் குறைத்துத் தோல்வியாக்கியவள் நான்.’

அந்த வகுப்பில் பாடத்தை இரண்டாம் முறை படிப்பவள் ஒருத்திதான். எல்லோரும் மவுஸ் பிடித்திருந்த கையைப் பார்த்தார்கள்.

புரொஜெக்டரின் சுவிட்ச் மிஸ்ஸின் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதை அணைக்கவும் வெட்கமாக இருந்தது.

சீனியர் நிதானமாகக் கடைசி வரி வரைக்கும் படித்தாள். பிறகு திரையில் இருந்த அம்புக்குறியை ‘அனுப்பு’ என்ற பொத்தான் மேல் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, நிமிர்ந்து மிஸ்ஸைப் பார்த்தாள். முகத்தில் கோபமே இல்லை. அதைத்தான் மிஸ்ஸால் தாங்க முடியவில்லை.

“மறுபடியும் ஒரு தடவ அனுப்பிக் காட்டவா, மிஸ்?”