அன்னக்கொடியின் ஊற்று

கோச்சடைப் பக்கம் வைகை வெறும் மணலாகக் கொதிக்கிறது. விடிந்ததிலிருந்து தோண்டிய ஊற்றில் கலங்கல் தெளியட்டும் என்று குடத்தோடு காத்திருக்கிறாள் அன்னக்கொடி. விருமாண்டி தன் வேட்டைநாயைத் தோளில் போட்டுக்கொண்டு கரையிறங்கி ஓடி வருகிறான். உச்சிவெயிலில் முயல் விரட்டி இரைக்கிற நாய். நாக்கு கருஞ்சிவப்பாகத் தொங்குகிறது. அவனுடைய ஈரத் தலைப்பாகை அதன் உடம்பை மூடியிருக்கிறது. இறக்கிவிட்டால் சுடுமணலில் கால் பாவாமல் துள்ளுகிறது; மறுபடி தூக்கிக்கொள்கிறான். “ஒரு கை தண்ணி குடு தாயி.” “மொதல்ல துணிய எடுங்கண்ணே! இப்படிப் போத்துனா உள்ளுக்குள்ளயே வெந்துரும்.” அவளே துணியை உருவி எறிகிறாள். நாய் இறங்கிய ஊற்றில் ஊரில் யாரும் குடிக்க மொள்ளமாட்டார்கள். வெறுங்குடத்தைப் பார்க்கிறாள், நாயின் விலாவைப் பார்க்கிறாள். “கைத்தண்ணி பத்தாது. அடிவயிறு குளிரணும். குழிக்குள்ள விடுங்க.” “தாயி, குடிக்கிற ஊத்து…” “விடுங்கங்கிறேன்ல!” நாய் வயிறு பதியப் படுக்கிறது. தெளிந்துவந்த நீர் சேறாகிறது. இரைப்பு நிற்கவில்லை, கொஞ்சம் தணிந்தாற்போல் இருக்கிறது, உடனே ஏறுகிறது. அன்னக்கொடி நாலு எட்டு மேற்கே போய்க் குந்தி, வேறு ஊற்றுக்காக இரண்டு கையாலும் மணலை வாரத் தொடங்குகிறாள். விருமாண்டியும் எதிரே மண்டியிட்டு வாருகிறான். முழங்கை ஆழம் போயும் காய்ந்த மணல்தான் வருகிறது.