இடப்பக்கம்

ஒன்பது நொடிகள் மிச்சம் இருந்தபோது பயிற்சியாளர் டைம் அவுட் கேட்டார்.

அவருடைய பெண்கள் ஒரு புள்ளி முன்னால் இருந்தார்கள். பந்து எதிரணியிடம்.

இருபத்திரண்டு வருடத்தில் அவருடைய பள்ளி கூடைப்பந்து இறுதிப் போட்டிக்கு வந்ததே இதுதான் முதல் தடவை. இந்த ஒன்பது நொடியைத் தாண்டிவிட்டால் கோப்பை.

எதிர் பெஞ்சில், மார்க்கர் பேனாவின் மூடியைப் பல்லில் கடித்தபடி நின்ற பயிற்சியாளர் அவருடைய மனைவி.

காலையிலிருந்து அரங்கம் முழுக்க இதே கேலிதான். "யார் ஜெயிச்சாலும் பாயசம் ஒரே வீட்லதான்," என்று டிக்கெட் கிழிப்பவர்கூடச் சொல்லிச் சிரித்தார்.

வீட்டில் அது சிரிப்பாக இல்லை. அரையிறுதியில் இரண்டு அணிகளும் ஜெயித்த அன்றே ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். இறுதிப் போட்டி முடியும்வரை வீட்டுக்குள் பந்தைப் பற்றிப் பேச்சே கூடாது. துணி காய்ந்ததா, கேஸ் வந்ததா, அதோடு சரி.

மறுநாளே மனைவி அதை உடைத்துவிட்டாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள், குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு அழுதாள்.

அவளுடைய நாலாம் நம்பர் பெண்ணைப் பற்றித்தான். போன வருடம் ஒரு ஆட்டத்தில் இடப்பக்கம் திரும்பும்போது விழுந்து முட்டியை உடைத்துக்கொண்ட பெண்.

"முட்டி ஆறிடுச்சுங்க. பயம்தான் ஆறல. யாராவது மறிச்சு இடது பக்கமாத் தள்ளிட்டா மரம் மாதிரி நின்னுடுறா. ஃபைனலுக்கு காலேஜ்காரங்க வேற ஆள் எடுக்க வராங்க."

விளையாட்டில் இடம் கிடைத்தால்தான் அந்தப் பெண்ணுக்குக் கல்லூரி. இல்லாவிட்டால் பள்ளியோடு படிப்புக்கு முழுக்கு.

அவர் குழாயை மூடினார். மனைவி அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இப்போது அந்த நாலாம் நம்பரைத்தான் அவள் களத்தில் இறக்கியிருந்தாள். மேல் வரிசையில் கல்லூரித் தேர்வாளர்கள் இரண்டு பேர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அவருடைய கேப்டன் தோளில் முகத்தைத் துடைத்தபடி கேட்டாள். "சார், பந்து நாலாம் நம்பருக்குத்தான் வரும். எந்தப் பக்கம் தள்ளட்டும்?"

எதிராளியை மறிக்கிற எந்தப் பெண்ணும் கேட்கிற கேள்விதான். பதிலும் ஒற்றைச் சொல்தான். அது அவருடைய நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

பன்னிரண்டு முகங்கள் அவரையே பார்த்தன. மழை, வெயில் பாராமல் மூன்று வருடம் அவர் சொன்ன பக்கமெல்லாம் ஓடிய பெண்கள். கால் கொப்புளத்துக்குப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு ஓடினவர்கள். கோப்பை அவர்களுக்குக் கிடைத்தால் யார் தப்பென்று சொல்ல முடியும்?

ஆனால் அந்தச் சொல் அவருக்கு மைதானத்தில் கிடைத்ததல்ல. சமையலறையில் கிடைத்தது.

"எந்தப் பக்கமும் தள்ளாதே. நேரா நில்லு. கையை இறக்காதே," என்றார்.

விசில் ஒலித்தது.

பந்து நாலாம் நம்பருக்கு வந்தது. கேப்டன், அவர் சொன்ன சொல் தட்டாமல் நேராக நின்றாள். நாலாம் நம்பர் வலப்பக்கம் ஓர் எட்டு வைத்தாள். இன்னோர் எட்டு. எழும்பினாள்.

பந்து வளையத்தின் விளிம்பில் ஒரு சுற்று வந்தது. பிறகு உள்ளே விழுந்தது.

ஒரு புள்ளியில் தோற்றார்கள்.

கேப்டன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவர் பக்கத்தில் போய்க் குந்தினார்.

"நான் சரியாத்தானே சார் நின்னேன்?"

"சரியாத்தான்மா நின்னே. உன்மேல ஒரு தப்பும் இல்ல."

அப்படியானால் தப்பு யார்மேல் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட அவருக்குத் தேவலாம் போலிருந்தது.

பெண்களை ஒவ்வொருவராகப் பெற்றோரிடம் ஒப்படைத்துவிட்டு அவர் மேல் வரிசைக்குப் போனார். நான்கு மணிக்குக் கல்லூரி அணிகளின் இறுதிப் போட்டி. பார்க்க வேண்டும் என்றில்லை. எங்காவது உட்கார வேண்டியிருந்தது.

சற்று நேரத்தில் மனைவி இரண்டு காகிதக் கோப்பைகளில் தேநீரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"காலேஜ்காரங்க அவ பேரை எழுதிக்கிட்டாங்க."

"நல்லது," என்றார். மனசாரத்தான் சொன்னார். அந்த ஒற்றைச் சொல்லை விழுங்கிய விஷயத்தை இவளிடம் கடைசிவரை சொல்வதில்லை என்று படியேறும்போதே முடிவு செய்திருந்தார். சொன்னால் அது அவளுடைய வெற்றியில் பங்கு கேட்பதுபோல் ஆகிவிடும்.

கீழே கல்லூரிப் பெண்கள் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடிவந்தார்கள். அவள் அவர்களையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"நேரா நில்லுன்னுதானே சொன்னீங்க?"

அவர் திரும்பினார்.

"செமி ஃபைனல்ல அவளை அஞ்சு நிமிஷம்தான் இறக்கினேன். நீங்க மேல உக்காந்து பாத்துட்டிருந்தீங்க. நீங்க நோட்டுல ஏதோ எழுத ஆரம்பிச்சதும் வெளிய எடுத்துட்டேன். அவ பயத்தை நீங்களாக் கண்டுபிடிச்சிருந்தா விட்டிருக்க மாட்டீங்க. அது உங்க தொழில்." தேநீரை ஒருமுறை ஊதிக்கொண்டாள். "நானே சொல்லிட்டா, தொட மாட்டீங்க."

கீழே ஆட்டம் தொடங்கியது. அவர் வெகுநேரம் பந்து எங்கே இருக்கிறதென்றே பார்க்கவில்லை.

"அப்ப அன்னைக்கு அழுதது?"

அவள் தன் தோளை அவர் தோளோடு சாய்த்துக்கொண்டாள்.

"அதை மட்டும் நான் திட்டம் போடலைங்க."