எண்ணெய்க் குப்பி

குப்பியைத் திறந்தேன். உள்ளே ஒரு சொட்டு எண்ணெய் இல்லை.

மூடி எப்போது தளர்ந்ததோ தெரியவில்லை. சுற்றி வைத்திருந்த துணிதான் மஞ்சள் கறையோடு காய்ந்து கிடந்தது. நோயாளிகளுக்குப் பூசி ஜெபிக்கிற எண்ணெய் அது.

கட்டிலில் தபால் அண்ணன் கண்ணை மூடிக் காத்திருந்தார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். சபையில் எல்லோருக்கும் அவர் தபால் அண்ணன்தான். இன்றோ நாளையோ என்று டாக்டர் சொல்லிவிட்டார். தலைமாட்டில் அவர் மனைவி முக்காடு போட்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

பாஸ்டர் வீடு பக்கத்துத் தெருவில்தான். இருந்தும் அண்ணன் என்னைத்தான் வரச் சொல்லியிருந்தார். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட. மாடிப்படி ஏறும்வரை அது இருந்தது.

நான் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். என் பையில் எந்த ஸ்பேனர் எங்கே இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அதே பையின் ஓரத்தில் கிடந்த இந்தக் குப்பியைத் தொட்டு எட்டு மாதம் ஆகிறது. காலையில் முழங்காலில் நின்று ஜெபித்தும் ஏறக்குறைய அவ்வளவு நாள் இருக்கும். ஆனால் போன மாதம் சபையில் பைபிளில் வரும் பத்துக் கன்னியரைப் பற்றிப் பேசியது நான்தான். விளக்கில் எண்ணெய் இல்லாமல் போனவர்களை வறுத்தெடுத்துவிட்டேன்.

பையில் இன்னொரு எண்ணெயும் இருந்தது. மெஷினுக்குப் போடுவது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கை ஒரு தடவை அதன்மேல் போய்விட்டுத்தான் வந்தது.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் இதே அண்ணன்தான் என் அம்மாவுக்கு எண்ணெய் பூசினார். மூன்று நாளாக வலியில் சுருங்கிக் கிடந்த முகம், அவர் விரல் பட்டதும் தெளிந்தது. அடுத்த வாரமே நானும் நோயாளிகளைப் பார்க்கப் போகும் குழுவில் சேர்ந்தேன். அம்மாவின் நெற்றியில் எண்ணெய் மின்னியதை என் கண்ணால் பார்த்தேன் என்று சபையில் எத்தனையோ முறை சாட்சி சொல்லியிருக்கிறேன்.

அந்த மனிதருக்குக் கொடுக்க இன்று என்னிடம் ஒன்றும் இல்லை.

காலிக் குப்பியை விரலில் கவிழ்த்தேன். வெறும் விரலால் அவர் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டேன். மனப்பாடமாக இருந்த ஜெபத்தைச் சொல்லி முடித்தேன். அக்கா அழுதுகொண்டே ஆமென் சொன்னார். அதைக் கேட்கவே எனக்குக் கூசியது.

அக்கா தண்ணீர் எடுத்துவர உள்ளே போனார். அண்ணன் கண்ணைத் திறந்து, கிட்டே வா என்று விரலை அசைத்தார். குனிந்து காதைக் கொடுத்தேன்.

“அன்னைக்கு உங்கம்மாவுக்குப் பூசும்போது என் குப்பி காலி, தம்பி. வெறும் விரலைத்தான் வச்சேன். இதை உன்கிட்ட சொல்லாம போக மனசு வரல. மன்னிச்சிரு.”

இதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்.

மன்னித்துவிட்டேன் என்று தலையை ஆட்டினேன். அது சுலபமாக வந்தது. நான் சொல்ல வேண்டியதுதான் அப்படி வரவில்லை. ‘அண்ணே’ என்று ஆரம்பிப்பதற்குள் அக்கா திரும்பி வந்துவிட்டார்.

டம்ளரைக் கீழே வைத்தார். எண்ணெய் கண்ணில் வழிந்துவிடுமோ என்று பயந்து, துண்டை எடுத்து அவர் நெற்றிக்குக் கொண்டுபோனார்.

அண்ணன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“துடைக்காத. எண்ணெய் இருக்கட்டும்.”

சொன்னது அக்காவிடம்தான். ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருந்தது, குப்பியை மறைத்து மூடியிருந்த என் கையை.