மாடிவீட்டு அக்காவின் சர்க்கரை

ஊரடங்கு வந்ததிலிருந்து மாடிவீட்டு அக்காவுக்குக் கைமாற்று கேட்பதே வேலையாகிவிட்டது. ஒருநாள் உப்பு, ஒருநாள் நூல்கண்டு, பல நாள் சர்க்கரை. வந்தால் லேசில் போகவும் மாட்டாள். வாசலிலேயே நின்று ஊர்க்கதை பேசுவாள்.

கீழ்வீட்டுக்காரனுக்குப் பொறுக்கவில்லை.

"கொடுத்ததையெல்லாம் திருப்பி வாங்கிட்டு வா," என்று மனைவியை விரட்டினான்.

மாடியேறியவள் சமையலறையைப் பார்த்துத் திகைத்து நின்றாள். அவள் கொடுத்த பொட்டலங்கள் பிரிக்காமலே கிடந்தன. பக்கத்தில் அக்காவின் சர்க்கரை டப்பா நிறைந்திருந்தது.

"வச்சுக்கிட்டே எதுக்குக்கா கேட்டீங்க?"

"உன் வீட்டுக்காரர் சத்தம் போட்டா இங்க கேக்குதும்மா. நான் வந்து கதவைத் தட்டினா, ஓங்கின கை இறங்கிடும்ல?"

அவள் கன்னத்து வீக்கத்தைக் கையால் மறைத்தாள். "ஊரே பூட்டிக் கெடக்கு. நான் எங்கக்கா போவேன்?"

"என் வீடு பூட்டலையே. உள்ரூம் சும்மாதான் இருக்கு. போலீஸ்லயும் விசாரிச்சேன். நீ ஒரு வார்த்தை சொன்னா வர்றாங்களாம்."

அக்கா போனை எடுத்து எண்ணை அழுத்தினாள். கீழேயிருந்து அவன் அதட்டிக் கூப்பிட்டான்.

அவள் கதவைத் தாழிட்டுவிட்டு வந்து கை நீட்டினாள்.

"குடுங்கக்கா, நானே பேசறேன்."