இரண்டு சுற்று

கைகாட்டி பாதியில் நின்றுவிட்டது.

கேபினில் லீவரை முழுசாக இழுத்தாயிற்று. கை இறங்குவேனா என்கிறது. அரை மைலுக்கு அப்பால் ஸ்டேஷனில் மணி விடாமல் அடித்துக்கொண்டிருக்கும். கை சரியாக இறங்காவிட்டால் அடிப்பதற்கென்றே வைத்த மணி. இன்றைக்கென்று பார்த்து அந்த மணிக்குப் பக்கத்து நாற்காலியில்தானா சிக்னல் இன்ஸ்பெக்டர் யேசுதாஸ் உட்கார்ந்து காபி குடிக்க வேண்டும்!

இப்போது அவர் டிராலியில் வந்திறங்கிக் கம்பத்தடியில் நிற்கிறார். செங்கல்பட்டு வண்டி கைகாட்டிக்கு அந்தப் பக்கம் புகையைக் கக்கிக்கொண்டு கூவுகிறது. ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள்.

ஃபிட்டர் மயில்வாகனம் ஸ்பேனரோடு அவர் பக்கத்தில் நிற்கிறான்.

ஆறு வருஷமாகத் தற்காலிக ஆள். ஏற்கெனவே இரண்டு மெமோ. மூன்றாவது தடவை மணி அடித்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று எழுதியே கொடுத்திருந்தார்கள். இன்றைய சோதனை ஒழுங்காக முடிந்தால் வேலை நிரந்தரம்.

எட்டு மாசமாக ஒரு தடவைகூட மணி அடிக்கவில்லையே, சாமி!

சும்மாவா அடிக்கவில்லை? விடியுமுன் ஒரு தரம், ஒன்பது மணிக்கு ஒரு தரம், ஸ்பேனரும் கையுமாக இங்கே வந்துவிடுவான். லீவரிலிருந்து கைகாட்டி வரைக்கும் ஓடுகிற கம்பியில் ஒரு திருகு உண்டு. ஒரு பக்கம் திருப்பினால் கம்பி இறுகும், மறுபக்கம் திருப்பினால் தளரும். “வெயில் ஏற ஏறக் கம்பி நீளும் சார், பார்த்துக்கினே இருக்கணும்” என்பான். இவனைப் போல ஒரு ஆள் கிடைக்குமா என்று ஸ்டேஷன் மாஸ்டர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடிப்பார்.

கம்பத்தில் ஏறினான். கையை ஆட்டிப் பார்த்தான். சுளுவாக ஆடியது. மணிக்குப் போகிற ஒயர்களைத் தொட்டுப் பார்த்தான். ஒன்றும் விட்டுப்போகவில்லை. இறங்கிக் கம்பியோடே நடந்தான். கம்பியைத் தாங்குகிற கப்பிகள் எண்ணெய் மினுங்கின. எதிலும் ஒரு குறை சொல்ல முடியாது. பின்னே என்ன கேடு வந்தது இந்தச் சனியனுக்கு?

நாலாவது கப்பி அடித்திருந்த முளைக்கு வந்தான்.

முளையில் கயிறு இல்லை.

மயில்வாகனம் குனிந்து முளையைச் சுற்றித் தடவிப் பார்த்தான்.

அந்தக் கயிறு விஷயம் மேலே ஒருவருக்கும் தெரியாது. அவன் தெருவுக்குத் தார் போட்டு லாரி விட்ட பிறகு, பாவு நீட்ட இடமில்லாமல் பெண்டுகள் தண்டவாளத்தோரம் வந்துவிட்டார்கள். பட்டிழையை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவிக் காயவைத்தால்தானே தறியில் ஏற்ற முடியும்? எங்கேதான் போவார்கள், பாவம். ஒரு முனை வேப்பமரத்தில். மறுமுனை இந்த முளையில். பாவு இழுக்கிற இழுப்பில் முளை சாயும், கம்பி இறுகும், கை தானாக இறங்கப் பார்க்கும். உடனே மணி. முதல் இரண்டு மெமோவும் அப்படி வந்தவைதான்.

அவிழ்த்து எறிந்திருக்கலாம். முதல் முடிச்சுப் போட்டவளே அவன் பெண்டாட்டி வடிவாம்பாள். சொன்னால் அவள் பாவை எங்கே கொண்டுபோய் நீட்டுவாள்? வீட்டில் தறி நின்றுபோகும். மேலே சொன்னாலோ, தெருப் பெண்டுகள் அத்தனை பேர் மேலும் கேஸ். யாரிடமும் மூச்சு விடாமல், பாவு கட்டுமுன் இரண்டு சுற்றுத் தளர்த்துவான். ஒன்பது மணிக்கு அவர்கள் பாவைச் சுருட்டியதும் இரண்டு சுற்று இறுக்குவான். அமாவாசைக்கும் மழைக்கும் தவிர தவறாத பாவு அது.

இன்று அமாவாசை இல்லை. மழையும் இல்லை. விடியுமுன் இரண்டு சுற்றுத் தளர்த்திவிட்டு, இன்ஸ்பெக்டரை அழைக்க ஓடியவன்தான். பாவு கட்டினார்களா என்று திரும்பிப் பார்க்கவில்லை. இழுக்கப் பாவில்லாமல் கம்பி தளர்ந்தே கிடந்திருக்கிறது.

“இன்னாய்யா இது, திருகு இவ்ளோ லூசா இருக்குது? தடம் புதுசா இருக்குதே, யார் கை வெச்சது?” என்றார் யேசுதாஸ், கம்பத்தடியில் திருகைக் குனிந்து பார்த்தபடி.

“நான்தான் சார். தப்பாத் திருப்பிட்டேன்.”

வேறு என்ன சொல்வான்? இரண்டு சுற்று இறுக்கினான். கேபினுக்குக் கொடி காட்டி, லீவரைத் திரும்ப இழுக்கச் சொன்னார்கள். கை நல்ல பிள்ளையாகக் கீழே இறங்கியது. வண்டி கடகடவென்று கடந்து போனது.

யேசுதாஸ் நின்றபடியே நோட்டில் எழுதினார். எழுதி முடித்துக் கையை நீட்டினார். மயில்வாகனம் ஸ்பேனரைக் கொடுத்தான். அவர் டிராலியில் ஏறிக்கொண்டார்.

வண்டி மறைத்திருந்த இடத்தில், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வடிவாம்பாள் நின்றுகொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டி ஓடி வந்தாள்.

“ஆபீசர் வர்ற நாளு, ஒருத்தியும் பாவு கட்டக் கூடாதுன்னு நாந்தான் தெருவையே நிறுத்தி வெச்சேன். உங்களுக்கு ஒரு கெட்ட பேரு வரலாமா?” என்றாள். பிறகு டிராலி போகிற திக்கைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “நல்லபடியா எழுதினாரா? நாளைலேருந்து வழக்கம்போலக் கட்டிக்கலாம் இல்ல?”

மயில்வாகனம் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஸ்பேனர் டிராலியில் போய்க்கொண்டிருந்தது.