அரைச் சுற்று

சாணைக்காரர் கடையில் கத்தியைக் கொடுத்தால் கூர் வரும். கூடவே, தெருவில் யார் வீட்டில் என்ன சண்டை என்ற விவரமும் இலவசமாக வரும். அப்பேர்ப்பட்டவரே அன்று வாயடைத்துப் போனார். வந்து நின்றவர் அப்படி.

நூலகர். அவரைத் தெரியாதவர் தெருவில் கிடையாது. அவர் குரலைத் தெரிந்தவர்தான் கிடையாது. புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர் இருக்கும் அந்த வீட்டில் இருபது வருடமாகப் பேசுவது ஒரே ஆள்; அது அவரில்லை. 'இந்த மாதிரி ஊமைக்கோட்டான்தான் ஒருநாள் பேப்பரில் வருவான்' என்பது சாணைக்காரரின் நெடுநாள் கணிப்பு.

நூலகர் ஒரு மடக்குக் கத்தியை மேஜைமேல் வைத்தார். சட்டைப்பையிலிருந்த சீட்டை எடுத்துப் படித்தார்.

"ஒரே கையால திறக்கணும். 'டிக்'குனு சத்தம் வரக் கூடாது. இருட்டுல தடவினாலும் திறந்துக்கணும்."

"பழம் நறுக்கவா சார்?"

"அது... வீட்டு விஷயம்." நூலகர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ஒரு தடவைதான் உபயோகமாம். ஆனா அந்த ஒரு தடவை மக்கர் பண்ணக் கூடாது. பண்ணினா என் கதை முடிஞ்சுது."

சாணைக்காரர் கத்தியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஆனாலும் கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. கத்தி மடங்கும் இடத்துத் திருகைத் தளர்த்தி, இடுக்கிலிருந்த அழுக்கையும் பஞ்சையும் ஊசியால் நோண்டி எடுத்தார். தையல் மெஷின் எண்ணெயில் ஒரே ஒரு சொட்டு. பத்துத் தரம் திறந்து மூடி, வழிந்ததைத் துடைத்தார். திருகை இறுக்கினால் கத்தி நகராது, தளர்த்தினால் ஆடும். நடுவில் மயிரிழைதான் இடம். அதையும் பிடித்துவிட்டார். தலைகீழாகப் பிடித்ததும் கத்தி சத்தமே இல்லாமல் தானாக இறங்கியது.

"வீட்ல அம்மா சௌக்கியமா?" என்று மெல்ல நூல் விட்டார்.

"இப்போதைக்குச் சந்தோஷமாத்தான் இருக்கா."

அந்த 'இப்போதைக்கு' சாணைக்காரரை உலுக்கிவிட்டது. சட்டென்று முதுகைத் திருப்பிக்கொண்டு, திருகை அரைச் சுற்று முறுக்கி இறுக்கினார். இனி யானை வந்து இழுத்தாலும் திறக்காது.

"எண்ணெய் ஊறணும் சார். வீட்டுக்குப் போற வரைக்கும் தொடாதீங்க."

நூலகர் தலையாட்டிவிட்டுப் போனார். சாணைக்காரருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்ற பெருமை ஒரு பக்கம். அதை யாரிடமும் சொல்ல முடியாத அவஸ்தை மறுபக்கம். இரண்டாவதுதான் அதிகம் வலித்தது.

மறுநாள் காலை கடையைத் திறந்ததும் முதல் ஆளாக நூலகரின் மனைவி வந்து நின்றாள். முழுசாக, உயிரோடு! சாணைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அம்மா, பதறாம கேளுங்க. நேத்து உங்க வீட்டுக்காரர்..."

"அவர் கிடக்கட்டும். இதுக்குப் பேர் ரிப்பேராய்யா?" கத்தியை மேஜைமேல் டமாரென்று போட்டாள். "சீட்டுல எழுதிக் கொடுத்து, ரெண்டு தரம் ஒப்பிக்க வச்சு அனுப்பினேன். இழுத்து இழுத்து என் நகம் உடைஞ்சதுதான் மிச்சம்!"

சாணைக்காரரின் கையிலிருந்த திருப்புளி நழுவிக் கீழே விழுந்தது.

அவள் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு, தெரு இருபது வருடமாகக் கேட்டிராத ஒரு மெல்லிய குரலில் சொன்னாள்:

"கொசு பறந்தாலே முழிச்சுக்கிற மனுஷன் அவரு. அதனால இந்தத் தடவை சத்தமே வராம பண்ணிடுங்க. சாயங்காலம் அவரையே அனுப்புறேன், கொடுத்து விட்டுடுங்க."